முகம், குரல், பார்வை: ஜப்பானியத் திரையில் நடிகையரின் எழுச்சி

நுழையும்முன்

ஒரு பெண்ணின் துயரத்தையும் சினத்தையும் மகிழ்ச்சியையும் கலையில் வெளிப்படுத்தும் உரிமை யாருக்கு உரியது? ஜப்பான் நாட்டில் ஏறத்தாழ இருநூற்று அறுபது ஆண்டுகள் ‘அவ்வுரிமை ஆணுக்கே’ என்பது சட்டம் தந்த விடையாக இருந்தது. திரைப்படம் என்னும் புதிய கலை அந்நாட்டில் கால்கொண்ட பின்னரும் அவ்விடை உடனே மாறிவிடவில்லை. பெண் பாத்திரங்களை ஆண்களே ஏற்று நடித்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நிலை மாறியது. பெண்கள் முதலில் தம் முகத்தையும், பின்னர்க் குரலையும், அதன்பின் பார்வையையும் திரையில் நிலைநாட்டிய வரலாற்றை இப்பாடம் விளக்குகிறது.

ஆற்றுமணலில் தொடங்கிய ஆட்டம்

ஜப்பானின் புகழ்பெற்ற மரபு நாடகமான கபூக்கியைத் தொடங்கிவைத்தவர் ஒரு பெண். இசுமோ நோ ஒக்குனி என்னும் அவர், 1603ஆம் ஆண்டளவில் கியோத்தோ நகரின் காமோ ஆற்றுப்படுகையில் தம் குழுவினருடன் ஆடிப் பாடினார். ஆணுடை அணிந்தும் வாள் ஏந்தியும் அவர் ஆடிய ஆட்டம் மக்களைப் பெரிதும் ஈர்த்தது. அவரைப் பின்பற்றிப் பல பெண்கள் குழுக்கள் தோன்றின. ஆனால், பெண்களின் ஆட்டம் பொது ஒழுக்கத்தைக் கெடுக்கிறது என்று காரணம் காட்டி, தொக்குகாவா அரசு 1629இல் பெண்கள் மேடையேறுவதைத் தடைசெய்தது. கலையைத் தோற்றுவித்தவர்களே கலைமேடையிலிருந்து வெளியேற்றப்பட்டனர்.

பெண்களின் இடத்தை இளைஞர்கள் நிரப்பினர். 1652இல் அவர்களுக்கும் தடை வந்தது. அதன்பின் வயதுவந்த ஆண்கள் மட்டுமே மேடையில் எஞ்சினர். பெண் வேடம் புனையும் ஆண் நடிகர் ‘ஒன்னகதா’ எனப்பட்டார். யோஷிசாவா அயாமே (1673–1729) என்னும் புகழ்பெற்ற ஒன்னகதா, பெண் வேடம் ஏற்பவர் அன்றாட வாழ்விலும் பெண்ணைப் போலவே ஒழுக வேண்டும் என்று கருதினார். நடை, தலைசாய்வு, கையசைவு, குரல் ஏற்ற இறக்கம் ஆகிய அனைத்திற்கும் இலக்கணம் வகுக்கப்பட்டது. தந்தையிடமிருந்து மகனுக்கும் ஆசிரியரிடமிருந்து மாணவருக்கும் அக்கலை வழிவழியாகக் கையளிக்கப்பட்டது.

இக்கலை மிக உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. இன்றும் கபூக்கி மேடையில் அது போற்றப்படுகிறது. எனினும் அதனால் விளைந்த ஒரு நம்பிக்கையை நாம் கவனிக்க வேண்டும். ‘உண்மையான பெண்ணால் பெண்மையை மேடையில் காட்ட இயலாது, பயிற்சிபெற்ற ஆணாலேயே அது இயலும்’ என்னும் எண்ணம் தலைமுறை தலைமுறையாக வேரூன்றியது. சட்டம் நீங்கிய பின்னரும் இந்நம்பிக்கை நீங்கவில்லை.

மேடையில் திறந்த கதவு

1868இல் தொடங்கிய மெய்ஜி ஆட்சிக்காலத்தில் ஜப்பான் மேலைநாடுகளின் கல்வி, தொழில், கலை ஆகியவற்றை உற்றுநோக்கத் தொடங்கியது. 1890களின் தொடக்கத்தில் ஆணும் பெண்ணும் ஒரே மேடையில் நடிப்பதற்கு இருந்த தடை தளர்ந்தது.

புதிய மேடையின் முதல் பெரும் நடிகையாக அறியப்பட்டவர் கவாகாமி சதயாக்கோ (1871–1946). இசையும் நடனமும் பயின்ற கெய்ஷாவாக இளமையைக் கழித்த இவர், 1899இல் தம் கணவரின் நாடகக் குழுவுடன் அமெரிக்கா சென்று அங்கு நடித்தார். 1900இல் பாரிசு உலகக் கண்காட்சியில் இவர் நடிப்பு பெரும்புகழ் பெற்றது. அயல்நாட்டில் பெற்ற புகழோடு தாயகம் திரும்பியவர், 1908இல் தோக்கியோவில் நடிகையருக்கெனப் பயிற்சிப் பள்ளி ஒன்றை நிறுவினார். ‘நடிப்பு பெண்ணுக்கும் உரிய தொழில், அது முறையாகக் கற்கத்தக்கது’ என்பதை அப்பள்ளி நாட்டுக்கு உணர்த்தியது.

அடுத்து எழுந்தவர் மாட்சுய் சுமாக்கோ (1886–1919). இவர் 1911இல் நார்வே நாட்டு நாடக ஆசிரியர் இப்சனின் ‘பொம்மை வீடு’ நாடகத்தில் நோராவாக நடித்தார். கணவனின் வீட்டில் பொம்மையைப் போல் வாழ்ந்த பெண், தன்னை அறிய வேண்டி அவ்வீட்டை விட்டு வெளியேறும் கதை அது. அதே ஆண்டில்தான் ஹிராட்சுகா ரைச்சோ என்னும் சிந்தனையாளர், பெண்களே எழுதி நடத்திய ‘செய்தோ’ இதழைத் தொடங்கினார். நோராவின் முடிவு சரியா, தவறா என்று அவ்விதழ் விவாதித்தது. மேடையில் ஒரு பெண் பேசிய சொற்கள், மேடைக்கு வெளியே பெண்களின் உரையாடலாக விரிந்தன.

திரை வந்தது, பெண் வரவில்லை

1890களின் பிற்பகுதியில் திரைப்படக் கருவிகள் ஜப்பானுக்கு வந்தன. 1899இல் ஷிபாட்டா சுனேகிச்சி என்னும் ஒளிப்பதிவாளர் ‘மொமிஜிகாரி’ என்னும் கபூக்கி நாடகத்தின் ஒரு பகுதியைப் படம்பிடித்தார். இளவரசியாகத் தோன்றி அரக்கியாக மாறும் பாத்திரத்தில் நடித்தவர், அக்காலத்தின் தலைசிறந்த நடிகரான ஒன்பதாம் இச்சிகாவா தன்ஜூரோ. இவ்வாறு, ஜப்பானிய நாடகக்கதை ஒன்று முதன்முதலாகத் திரையில் பதிவானபோது அதில் பெண்ணாகத் தோன்றியவர் ஓர் ஆணே.

1912இல் நிக்காட்சு நிறுவனம் தோன்றியது. தோக்கியோவின் முக்கோஜிமா பகுதியில் இருந்த அதன் படப்பிடிப்பு நிலையம், சமகால வாழ்வைச் சித்திரிக்கும் உருக்கமான கதைகளைப் படமாக்கியது. அவற்றில் பெண் பாத்திரங்களை ஏற்ற ஆண்களைத் திரையுலகினர் ‘ஒயாமா’ என அழைத்தனர்.

அன்றைய படங்களின் அமைப்பும் ஒயாமா நடிகர்களுக்கு ஏற்றதாகவே இருந்தது. ஒளிப்படக் கருவி மேடைக்கு எதிரே, தொலைவில், அசையாமல் நின்றது. நடிகர்கள் தலை முதல் கால் வரை சிறு உருவங்களாகத் தெரிந்தனர். முகத்தின் நுண்ணிய அசைவுகள் பார்வையாளரை எட்டவில்லை. படமோ ஊமைப்படம். எனவே குரலாலும் வேறுபாடு தெரிய வழியில்லை. கதையை விளக்குவதும் உரையாடல்களைப் பேசுவதும் ‘பென்ஷி’ எனப்படும் கதைசொல்லியின் பணியாக இருந்தன.

தெரிந்து தெளிவோம்

பென்ஷி: ஊமைப்படம் ஓடும்போது திரைக்கு அருகில் நின்று கதையை எடுத்துரைக்கும் கலைஞர். பாத்திரங்கள் அனைவரின் உரையாடலையும் குரல் மாற்றிப் பேசுவார். புகழ்பெற்ற பென்ஷியின் குரலைக் கேட்பதற்காகவே மக்கள் திரையரங்குக்கு வந்ததுண்டு. பென்ஷிகளில் பெரும்பாலோர் ஆண்கள்.

மொமிஜிகாரி: 1899இல் எடுக்கப்பட்ட இப்படம், 2009இல் ஜப்பான் அரசால் முதன்மையான பண்பாட்டுச் செல்வமாக அறிவிக்கப்பட்டது. அச்சிறப்பைப் பெற்ற முதல் திரைப்படம் இதுவே.

இரண்டு கத்யூஷாக்கள்

மேடைக்கும் திரைக்கும் இடையே இருந்த வேறுபாட்டை 1914ஆம் ஆண்டு நிகழ்வு ஒன்று தெளிவாக்குகிறது. அவ்வாண்டில் மாட்சுய் சுமாக்கோ, தால்ஸ்தாயின் ‘புத்துயிர்ப்பு’ புதினத்தைத் தழுவிய நாடகத்தில் கத்யூஷா என்னும் பணிப்பெண்ணாக நடித்தார். செல்வந்தன் ஒருவனால் கைவிடப்பட்டுச் சிறைத்தண்டனை பெறும் ஏழைப் பெண்ணின் கதை அது. அந்நாடகத்தில் சுமாக்கோ பாடிய பாடல் இசைத்தட்டாக வெளிவந்து நாடெங்கும் ஒலித்தது.

அதே ஆண்டில் நிக்காட்சு நிறுவனம் அக்கதையைத் திரைப்படமாக்கியது. படமும் பெருவெற்றி பெற்றது. ஆனால், திரையில் கத்யூஷாவாகத் தோன்றியவர் சுமாக்கோ அல்லர். தாச்சிபானா தெய்ஜிரோ என்னும் ஒயாமா நடிகர். அவர் திறமை மிக்கவர். மக்களின் அன்பைப் பெற்றவர். மேடையில் ஒரு பெண் அப்பாத்திரத்திற்கு உயிரூட்டி நாட்டையே உருகச் செய்த பின்னரும், திரை ஓர் ஆணையே நாடியது. பெண்களால் நடிக்க இயலாது என்பது உண்மைக் காரணமாக இருந்திருக்க முடியாது என்பதற்குச் சுமாக்கோவே சான்று. பழகிய வழக்கமும் அவ்வழக்கத்தைச் சார்ந்து இயங்கிய தொழிலமைப்புமே தடையாக நின்றன.

அண்மைக்காட்சி எழுப்பிய வினா

அத்தடையை அசைத்தது புதிய திரைமொழி. முதல் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்கப் படங்கள் ஜப்பானில் மிகுதியாகத் திரையிடப்பட்டன. அவற்றில் கருவி நடிகரை நெருங்கிச் சென்றது. முகம் திரை முழுவதும் நிறைந்தது. ஒரு துளிக் கண்ணீரும் ஓர் இமையசைவும் கதை சொல்லின. அப்படங்களில் ஜப்பானியப் பெண்களும் இருந்தனர். அமெரிக்காவில் வாழ்ந்த அவோக்கி சுரு, 1914இலேயே அந்நாட்டுப் படங்களில் நடித்தார். ஜப்பானியப் பெண் அமெரிக்கத் திரையில் நடிக்க, ஜப்பானியத் திரையில் அவளுக்கு இடமில்லை என்னும் முரண் இளைஞர்களை உறுத்தியது.

அவ்விளைஞர்களுள் ஒருவர் கயேரியாமா நோரிமாசா. திரைப்படம் எடுக்கும் முறை பற்றி 1917இல் நூல் எழுதிய இவர், நாடகத்தின் நிழலாக இருக்கும் வரை திரைப்படம் தனிக்கலை ஆகாது என்று வாதிட்டார். முறையாக எழுதப்பட்ட திரைக்கதை வேண்டும், எழுத்துப் பலகைகள் வேண்டும், அண்மைக்காட்சிகள் வேண்டும், பெண் பாத்திரங்களில் பெண்களே நடிக்க வேண்டும். இவையே அவரும் அவரைப் போன்றோரும் முன்வைத்த கோரிக்கைகள். இவ்வியக்கம் ‘தூய திரைப்பட இயக்கம்’ எனப்பட்டது.

இக்கோரிக்கைகள் ஒன்றோடொன்று பிணைந்தவை. கருவி நெருங்கும்போது வெண்பூச்சின் அடியில் உள்ள தாடையும், தொண்டை எலும்பும், கை நரம்பும் தெரியும். தொலைவிலிருந்து காண்பதற்கென வகுக்கப்பட்ட அசைவுகள் அண்மையில் மிகையாகத் தோன்றும். எனவே, அண்மைக்காட்சியை ஏற்றுக்கொண்டால் நடிகையையும் ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும்.

கயேரியாமா 1918இல் எடுத்த ‘வாழ்வின் ஒளி’ என்னும் படம் 1919இல் வெளிவந்தது. அதில் நாயகியாக நடித்தவர் ஹனயாகி ஹருமி. அதற்கு முன்பும் ஒருசில பெண்கள் படங்களில் தோன்றியதுண்டு. எனினும், புதிய திரைமொழிக்கேற்ப நடித்த முதல் திரைநடிகையாக வரலாற்றாசிரியர்கள் ஹருமியையே குறிப்பிடுகின்றனர். 1629இல் மூடப்பட்ட கதவு, 290 ஆண்டுகளுக்குப் பின் திரையில் திறந்தது.

முகம் நிலைபெற்றது

1920ஆம் ஆண்டு ஒரு திருப்புமுனை. நாடகத்துறையில் செல்வாக்குப் பெற்றிருந்த ஷோச்சிக்கு நிறுவனம் திரைத்துறையில் நுழைந்து, தோக்கியோவின் கமாட்டாவில் படப்பிடிப்பு நிலையம் அமைத்தது. தொடக்கம் முதலே நடிகையரைப் பணியில் அமர்த்தியது. நாடக இயக்குநர் ஒசானாய் கவோருவின் தலைமையில் நடிப்புப் பள்ளியையும் தொடங்கியது. ஹாலிவுட்டில் தொழில் கற்ற ஹென்றி கொத்தானியை ஒளிப்பதிவுக்கும் இயக்கத்திற்கும் அழைத்துவந்தது. அதே ஆண்டில் யோக்கோஹாமாவில் இயங்கிய மற்றொரு நிறுவனத்துக்காக, எழுத்தாளர் தனிசாக்கி ஜுனிச்சிரோ ‘அமெச்சூர் கிளப்’ என்னும் நகைச்சுவைப் படத்தின் கதையை எழுதினார். நீச்சலுடையில் கடற்கரையில் துள்ளித் திரியும் புதுமைப்பெண்ணை அப்படம் காட்டியது. அந்த நாயகியை எந்த ஒயாமாவாலும் நடித்துக் காட்டியிருக்க இயலாது.

1921இல் குரிஷிமா சுமிக்கோ (1902–1987) கொத்தானி இயக்கிய படத்தில் அறிமுகமானார். மரபு நடனம் பயின்ற அவரின் அமைதியான முகம் மக்கள் உள்ளத்தில் பதிந்தது. அவருடைய ஒளிப்படங்கள் கடைகளில் விற்றுத் தீர்ந்தன. ஜப்பானியத் திரையின் முதல் பெரும் பெண் நட்சத்திரம் உருவானார்.

மறுபுறம் ஒயாமாக்களின் காலம் முடிவுற்றது. 1922இல் தனாக்கா எய்சோ இயக்கிய ‘கியோயா கழுத்துப்பட்டைக் கடை’ என்னும் படம் அவர்களின் கலைக்கு அமைந்த கடைசிச் சிறந்த சான்றாகக் கருதப்படுகிறது. அவ்வாண்டின் இறுதியில் முன்னணி ஒயாமா உள்ளிட்ட நடிகர் குழுவொன்று நிக்காட்சுவை விட்டு விலகியது. 1923இல் அந்நிறுவனமும் நடிகையரைக் கொண்டு படம் எடுக்கத் தொடங்கியது. அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாளன்று தோக்கியோவையும் யோக்கோஹாமாவையும் பெருநிலநடுக்கம் அழித்தது. முக்கோஜிமா நிலையம் மூடப்பட்டது. நிக்காட்சுவின் பணி கியோத்தோவுக்கு மாறியது. ஒயாமா மரபு திரையில் மீண்டும் தழைக்கவில்லை.

அரங்கில் அமர்ந்த பெண்கள்

திரையில் பெண்கள் தோன்றியதற்குத் திரைமொழி ஒரு காரணம் என்றால், அரங்கில் அமர்ந்த பெண்கள் மற்றொரு காரணம். 1917இல் தோக்கியோ காவல்துறை வகுத்த விதிகளின்படி, திரையரங்குகளில் ஆண்களும் பெண்களும் தனித்தனியே அமர வேண்டியிருந்தது. அவ்வளவு கட்டுப்பாடுகளுக்கு இடையிலும் பெண்கள் படம் பார்க்க வந்தனர்.

1924இல் கமாட்டா நிலையத்தின் பொறுப்பை ஏற்ற கிதோ ஷிரோ, அவர்களின் ஆற்றலைப் புரிந்துகொண்டார். பெண் ஒருத்தி தனியே வருவதில்லை. தோழியையும் தங்கையையும் கணவனையும் உடன் அழைத்து வருவாள் என்று அவர் கணக்கிட்டார். எனவே, பெண்களின் வாழ்க்கையை மையமாகக் கொண்ட கதைகளை ஊக்குவித்தார். இது வணிகக் கணக்கே. ஆயினும், அக்கணக்கின் பயனாக மகளாக, மனைவியாக, தாயாக, அலுவலகப் பெண்ணாக, உணவகப் பணிப்பெண்ணாகப் பலவகைப் பெண்கள் திரையில் இடம்பெற்றனர்.

நடிகையரின் வாழ்க்கை எளிதாக இருந்ததென்று எண்ணிவிடக் கூடாது. நடிப்புத் தொழிலைத் தாழ்வாகக் கருதும் பழைய மனப்பான்மை அவர்களைத் தொடர்ந்தது. நடிப்பைவிட அவர்களின் சொந்த வாழ்வே இதழ்களில் மிகுதியாகப் பேசப்பட்டது. அவர்கள் ஏற்ற பாத்திரங்கள் பலவும் குடும்பத்திற்காகத் தம்மை அழித்துக்கொள்ளும் பெண்களாகவே அமைந்தன. அக்கதைகளை எழுதியவர்களும் இயக்கியவர்களும் பெரும்பாலும் ஆண்களே. முகம் பெண்ணுடையது, அம்முகம் எதைச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தவர் ஆண்.

குரல் ஒலித்தது

முகம் கிடைத்த பின்னரும் குரல் கிடைக்கவில்லை என்பது கருதத்தக்கது. ஊமைப்படக் காலம் நீடித்தவரை, திரையில் நடிகை அழுதாலும் சிரித்தாலும் அரங்கில் ஒலித்தது பெரும்பாலும் ஆண் பென்ஷியின் குரலே.

1931இல் கொஷோ ஹெய்னோசுகே இயக்கிய ‘அண்டை வீட்டு மனைவியும் என் மனைவியும்’ என்னும் படம், ஜப்பானின் முதல் வெற்றிகரமான முழுநீளப் பேசும்படமாக வெளிவந்தது. நாடகம் எழுத முயலும் கணவன், அவனைத் தூண்டும் மனைவி, அடுத்த வீட்டிலிருந்து வரும் இசையின் இரைச்சல் என அமைந்த நகைச்சுவைக் கதை அது. மனைவியாக நடித்தவர் தனாக்கா கினுயோ (1909–1977). அவருடைய சொந்தக் குரலை நாடே கேட்டது. அடுத்த சில ஆண்டுகளில் பென்ஷிகளின் தொழில் நலிந்தது. இடையீட்டாளர் இல்லாமல் நடிகை பார்வையாளரிடம் நேரடியாகப் பேசினார்.

பார்வை மாறியது

எஞ்சியிருந்தது பார்வை. என்ன கதை சொல்வது, கருவியை எங்கே வைப்பது, எந்த நொடியில் காட்சியை நிறுத்துவது என்று முடிவு செய்யும் உரிமையையே இங்குப் பார்வை என்கிறோம்.

நடிகை இரியே தக்காக்கோ 1932இல் சொந்தமாகத் தயாரிப்பு நிறுவனம் தொடங்கினார். 1936இல் சகானே தட்சுகோ முழுநீளக் கதைப்படம் இயக்கி, ஜப்பானின் முதல் பெண் இயக்குநர் ஆனார். கினுயோ தம் நாற்பதாம் அகவைக்குப் பின், எதிர்ப்புகளுக்கு இடையே, 1953இல் ‘காதல் கடிதம்’ என்னும் படத்தை இயக்கினார். தொடர்ந்து மேலும் 5 படங்களை உருவாக்கினார்.

அவற்றுள் 1955இல் வெளிவந்த படமொன்று, மார்பகப் புற்றுநோயால் இளம் அகவையில் மறைந்த கவிஞர் நக்காஜோ ஃபுமிக்கோவின் வாழ்வைச் சொல்கிறது. ஒரு பெண் கவிஞரின் வாழ்வு. திரைக்கதை எழுதியவர் தனாக்கா சுமியே என்னும் பெண். இயக்கியவர் ஒரு பெண். நாயகியாக நடித்தவர் ஒரு பெண். நோயுற்ற பெண்ணின் உடலை இரக்கத்துக்குரிய பொருளாகக் காட்டாமல், அவளுடைய விருப்பத்தையும் வேதனையையும் சினத்தையும் அவள் பக்கம் நின்று காட்டியது அப்படம். பெண்ணைத் திரையில் காட்டும் உரிமை யாருக்கு உரியது என்னும் வினாவுக்கு அது ஒரு முழுமையான விடை.

ஒரு வரலாற்று முரண்

இவ்வரலாற்றின் மறுபக்கத்தையும் ஒருவரின் வாழ்வு காட்டுகிறது. 1922இல் நிக்காட்சுவை விட்டு விலகிய முன்னணி ஒயாமா, கினுகாசா தெய்னோசுகே (1896–1982). நடிகையரின் வருகையால் தம் தொழிலின் காலம் முடிவதைக் கண்ட அவர், கருவிக்குப் பின்னால் சென்று இயக்குநரானார். 1953இல் அவர் இயக்கிய ‘நரகத்தின் வாயில்’ என்னும் வண்ணப்படம், 1954ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில் உயரிய பரிசை வென்றது. அப்படத்தின் நாயகி கியோ மச்சிக்கோ. முன்பு பெண்ணாக நடித்த கலைஞர், இப்போது ஒரு நடிகையின் முகத்தில் விழும் ஒளியை அமைத்தார்.

ஒயாமாக்களின் கலை பொய்யானதன்று. அது அரிய பயிற்சியால் விளைந்தது. தவறு அக்கலையில் இல்லை. அக்கலைக்காகப் பெண்களை விலக்கிவைத்த ஏற்பாட்டில் இருந்தது. ஒருவர் மற்றொருவராக நடிப்பது கலை. ஒருவர் தம்மைத் தாமே வெளிப்படுத்துவதைத் தடுப்பது அநீதி. இவ்விரண்டையும் பிரித்தறிய ஜப்பானியத் திரைக்கு நெடுங்காலம் தேவைப்பட்டது. சதயாக்கோவின் பள்ளியும், சுமாக்கோவின் பாடலும், ஹருமியின் முகமும், கினுயோவின் குரலும் அதனைக் கற்பித்தன. நாம் காணும் எந்தத் திரைப்படத்திலும் ‘இது யாருடைய முகம்? இது யாருடைய குரல்? இது யாருடைய பார்வை?’ என்று கேட்கப் பழகினால், அவ்வரலாறு நமக்கும் பயன்படும்.

கற்பவை கற்றபின்

1. நீங்கள் அண்மையில் பார்த்த திரைப்படம் ஒன்றில் இடம்பெற்ற பெண் பாத்திரத்தைப் பற்றி, முகம், குரல், பார்வை ஆகிய மூன்றின் அடிப்படையில் ஒரு பக்க அளவில் எழுதுக.

2. ‘புதிய கருவி வந்தால் மட்டும் பழைய வழக்கம் மாறிவிடாது’ – இப்பாடத்தில் உள்ள சான்றுகளைக் கொண்டு வகுப்பறையில் கலந்துரையாடுக.

3. அண்மைக்காட்சியின் வருகைக்கும் நடிகையரின் வருகைக்கும் உள்ள தொடர்பை விளக்குக.